இருநூறு மணி நேரம்

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர்ப் புட்டியின் மேல் வெண்மையாகப் படிந்திருந்த உறைபனி, முஸன்னாவின் நான்கு விரல்களுக்கு அடியிலும் கலையாமல் இருக்க, கட்டைவிரல் பட்ட இடத்தில் மட்டும் முற்றிலும் உருகி, ஒரு கட்டைவிரலின் வடிவத்தையே தெளிவாகக் காட்டியது. அவன் புட்டியை மேசைமேல் வைத்தான். கையைத் துணியால் துடைத்தான். மறுபக்கம் திருப்பி மீண்டும் பிடித்தான். அங்கும் அவ்வாறே உருகியது.

"என்ன மச்சான், தண்ணிக்கு ரேகை வச்சுக் குடுக்குறியா?" என்றான் கஹ்தான். அவன் முஸன்னாவின் மனைவியுடைய அண்ணன். கடையில் சரிபாதிப் பங்காளி.

ஜூலை மாதத்தின் இரண்டாம் வாரம் அது. பாக்தாதின் ஸினாஆ தெருவில் காலை பத்து மணிக்கே தார் இளகி, நடப்பவரின் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஜெனரேட்டர்களின் டீசல் புகை கணினிக் கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே அசையாமல் தொங்கியது. இத்தகைய கோடையில் ஒருவனுடைய விரல் சுடுவது வியப்புக்குரிய செய்தி அன்று. ஆயினும் ஒரே ஒரு விரல் சுடுவது எங்ஙனம் என்பதை முஸன்னாவால் தனக்குத்தானே விளக்கிக்கொள்ள இயலவில்லை.

அந்த விரலைக் குறித்து அவனுக்குப் பெருமை உண்டு. பிராசஸருக்கும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டிக்கும் இடையே தடவப்படும் பசையை, ஏனைய கடைக்காரர்கள் பிளாஸ்டிக் அட்டையால் பரப்புவர். அவன் வலது கட்டைவிரலால் பரப்புவான். கையுறையும் அணிவதில்லை. எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்பது அட்டைக்குத் தெரியாது, தோலுக்குத்தான் தெரியும் என்பது அவனது வாதம். இவ்வாண்டு ஜூன் தொடக்கத்தில், பெயர் ஒட்டப்படாத டப்பா ஒன்றில் சாம்பல் நிறப் பசை மலிவாகக் கிடைத்தது. அன்று முதல் அறுபத்து மூன்று கணினிகளுக்கு அந்தப் பசையைத் தன் விரலாலேயே பூசியிருந்தான்.

அந்த அறுபத்து மூன்று பேரிடமும் அவன் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் விற்ற வெள்ளித்தூள் கலந்த பசை ஒன்று, தன் முழுத் திறனை அடைய இருநூறு மணி நேரமும், இடையிடையே அணைத்து ஆறவிடுதலும் வேண்டும் என்று உறையிலேயே அறிவித்திருந்தது. இப்போதைய பசைகளுக்கு அத்தகைய பழக்கக் காலம் எதுவும் தேவையில்லை என்பதைத் தெருவிலுள்ள அனைவரும் அறிவர். எனினும், சூடு குறையவில்லையே என்று திரும்பி வரும் வாடிக்கையாளரை அனுப்பிவைக்க அந்த இருநூறு மணி நேரம் பெரிதும் உதவியது. இருநூறு மணி நேரம் யார் எண்ணப்போகிறார்கள்?

அபூ ஸினான் எண்ணினார்.

அவர் வானிலை நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் வெப்பமானியைப் பார்த்து எழுதி ஓய்வு பெற்றவர். அந்நிலையத்தின் பழைய பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றிக் கணக்கிடும் வேலையைத் தாமாகவே மேற்கொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் ஒரு நாள், தம் கணினியைப் போர்வையில் சுற்றி, டாக்ஸியின் பின்னிருக்கையில் பெல்ட் போட்டு அமர்த்திக் கொண்டுவந்தார்.

"ஏற்கெனவே ரெண்டு திருடனுங்ககிட்ட போயிட்டு வந்தேன். நீ மூணாவது," என்றார்.

"ஹாஜி, நம்ம கடையில அப்படியெல்லாம் கிடையாது."

"அவனுங்களும் அதைத்தான் சொன்னானுங்க. எண்பத்தொண்ணு டிகிரி காட்டுது. எப்ப குறையும்?"

"புதுப் பசை பூசித் தர்றேன் ஹாஜி, அது பதமாகணும். இருநூறு மணி நேரம் ஓடணும். அதுக்கப்புறம் நல்லா பிடிச்சுக்கும். ஆயுசுக்கும் மாறாது."

"இருநூறா? நூத்தித் தொண்ணூறு இல்லையே?"

"இருநூறு."

"நடுவுல திறந்தா?"

"மறுபடியும் பூஜ்யத்துலருந்து."

அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் கஹ்தான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அபூ ஸினான் சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். "குறையலைன்னா உன் கடை வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவேன், என் கண்ணு. வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

அடமியாவில் அவருடைய பகுதிக்கு அரசு மின்சாரம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், இரண்டிரண்டு மணியாகப் பிரிந்து வரும். ஜெனரேட்டர் மின்சாரம் அவருடைய கணினிக்குப் போதாது. ஆகவே ஒவ்வொரு முறையும் அரசு மின்சாரம் நின்றவுடன் அவர் தொலைபேசியில் அழைப்பார். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுத் துண்டிப்பார்.

எழுபத்து நான்கு. அறுபத்தாறு. ஐம்பத்தெட்டு.

குறைந்துகொண்டே வந்தது. முதலில் முஸன்னா சிரித்தான். ஐம்பதுக்குக் கீழே இறங்கியபோது சிரிப்பதை நிறுத்தினான். அந்தப் பழைய பிராசஸர், முழு வேலையும் செய்துகொண்டு, இந்தக் கோடையில், அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்க வழியே இல்லை. அதே வாரத்தில்தான் அவனுடைய கைபேசி அவன் கட்டைவிரலை அடையாளம் காண மறுத்தது. விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தான். விரல் நுனியின் ரேகைகள் தேய்ந்து, தோல் வழவழப்பான சாம்பல் நிறத்தை அடைந்திருந்தது. மருத்துவர் நரம்புக் கோளாறு என்று களிம்பு எழுதித் தந்தார். மனைவி ரஃபல், "தூக்கத்துல என் மேல கை போடாதே, இஸ்திரிப் பெட்டி வச்ச மாதிரி சுடுது," என்று தலையணையை நடுவில் வைத்தாள்.

விரல் எப்போதும் ஒரே அளவில் சுடவில்லை. சில மணி நேரம் கொதித்து, சட்டென்று தணிந்தது. அட்டைப் பெட்டி ஒன்றின் மூடியில் மூன்று நாட்கள் அந்த நேரங்களைக் குறித்துவைத்தான். நான்காம் நாள், விரல் தணிந்த அதே நொடியில் தொலைபேசி ஒலித்தது.

"நாப்பத்தி ஏழு," என்றார் அபூ ஸினான்.

மூடியில் இருந்த ஒவ்வொரு வரியும் அடமியாவின் மின்சார நேரத்தோடு ஒத்துப்போயிற்று.

அடுத்த முறை விரல் கொதித்தபோது, கடையில் மின்சுற்றுப் பலகைகளின் சூட்டை அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானியைத் தன் விரலை நோக்கிப் பிடித்தான். நாற்பத்தெட்டு. மறுநாள், கிழவர் அழைத்து நாற்பத்து மூன்று என்று சொல்வதற்குச் சற்று முன், விரல் ஐம்பத்து இரண்டு. அங்கே குறைந்தது இங்கே ஏறியது. அடமியாவில் மின்சாரம் இல்லாத வேளைகளிலும், கடந்த மூன்று நாட்களாக, தொலைவில் யாரோ ஓர் அடுப்பை மிகச் சிறிதாக எரியவிட்டிருப்பது போல, விரலின் அடியில் மெல்லிய வெம்மை ஒன்று அணையாமலே இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவன் யோசிக்கவில்லை. பெரிய நெருப்பே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"ஹாஜி, மெஷினைக் கொண்டு வாங்க. வேற நல்ல பசை போட்டுத் தர்றேன். சும்மாவே," என்று கெஞ்சிப் பார்த்தான்.

"நூத்தி அறுபது மணி நேரத்தை நான் குப்பையில போடணுமா? இப்பதான் நீ சொன்ன ஒரே உண்மை பலிச்சுட்டு வருது. வியாழக்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு. ரெண்டு மணிக்கு இருநூறு. வந்து நோட்டுல கையெழுத்துப் போடு."

இருநூறுக்குப் பிறகு ஆயுசுக்கும் மாறாது. சொன்னவன் அவனே. அதற்கு முன்பாக அந்தப் பசையைத் துடைத்துவிட வேண்டும். வேறு வழி இல்லை.

வியாழன் காலையில் அவன் ஆல்கஹால் புட்டி, பஞ்சு, திருப்புளி ஆகியவற்றைப் பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டான். சோதனைச் சாவடியில் வாகனங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றன. பன்னிரண்டு அடித்தது. விரலில் ஒரு துடிப்பு. பிறகு உள்ளிருந்து வெளியே பரவும் தணல். அவன் கையைப் பாலிதீன் பையிலிருந்த ஐஸ் கட்டிகளுக்குள் நுழைத்தான். ஐஸ் சீறியது.

"என்ன அண்ணே, மீன் துடிக்குதா?" என்றார் டாக்ஸி ஓட்டுநர், கண்ணாடியில் பார்த்து.

அவன் குனிந்து பார்த்தான். பையில் இருந்தது வெந்நீர்.

கதவைத் திறந்த அபூ ஸினான் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், அதன் பிறகே அவனைப் பார்த்தார். "ஒண்ணு இருபத்தஞ்சு. நூத்தித் தொண்ணூத்தொம்பது மணி இருபத்தஞ்சு நிமிஷம். இறங்கு."

நடுப்பகல் வெயில் முற்றத்தில் வெள்ளையாக எரிந்துகொண்டிருக்க, பதினொரு படிகளுக்குக் கீழே நிலவறை ஈரச் செங்கல்லின் குளிர்ச்சியோடும், பழைய காகிதத்தின் மக்கிய வாசனையோடும், ஏலக்காய் போட்ட தேநீரின் ஆவியோடும் இருந்தது. சுவரெங்கும் பதிவேடுகள். அவற்றின் நடுவே கணினி. விசிறியின் ஓசை மட்டும் சீராக, மூச்சு விடுவதைப் போல் கேட்டது. திரையின் மூலையில் ஓர் எண்.

முப்பத்தேழு.

"மூணு நாளா அதே முப்பத்தேழு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல," என்றார் கிழவர். "எனக்கு அந்த நம்பரைத் தெரியும். ஆஸ்பத்திரியில பாக்குற நம்பர்."

"ஹாஜி, அணைச்சுடுங்க. நான் சொன்னது பொய். பசைக்கு இருநூறு மணி நேரமெல்லாம் கிடையாது. எல்லாக் கடையிலயும் சொல்ற பொய் அது."

"நீ பொய்யன்னு உன் முகத்தைப் பாத்த அன்னைக்கே தெரியும்." நோட்டைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். நெருக்கமான, அழகான பென்சில் எண்கள். "இது பொய்யா? முப்பத்தொரு வருஷம் பாத்திருக்கேன். மனுஷன் பொய் சொல்லுவான். அளவு சொல்லாது."

"என் விரலைப் பாருங்க!"

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து, கணினிக்கு முன்னால் போட்டு, அமர்ந்தார். "இன்னும் முப்பது நிமிஷம்."

முஸன்னா கிழவரைக் கெஞ்சினான். அவருடைய இறந்துபோன பெற்றோரின் பேரால் இரந்தான். அவர் தேநீரை ஊதிக் குடித்தார். ஒன்று நாற்பத்தைந்து. விரலின் தணல் மணிக்கட்டைத் தாண்டி முழங்கையை நோக்கி ஏறியது. அறையின் செங்கற்கள் அவன் கண்களுக்கு முன் நெளிந்தன. ஒன்று ஐம்பது. அவன் அவரைத் தள்ளினான். நாற்காலி சாய்ந்தது, பதிவேடுகள் சரிந்து அவர்மேல் விழுந்தன. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான்.

விசிறி நிற்கவில்லை.

"பேட்டரி வாங்கி வச்சிருக்கேன், நாயே," என்றார் கிழவர், தரையிலிருந்து. "உங்களை எல்லாம் நம்பி நான் கடைசி மணி நேரத்தை விடுவேனா?"

பேட்டரியைத் தேட நேரமில்லை. பக்கப் பலகையைக் கழற்றி எறிந்தான். விசிறிக்கு அடியில் உலோகக் கட்டி. நான்கு திருகுகள். வலது கை உதவவில்லை. இடது கையால் திருப்புளியைப் பிடித்தான். முதல் திருகு. இரண்டாவது. திருப்புளி வழுக்கியது. மூன்றாவது.

நான்காவது பாதி சுழன்றது.

மேலே எங்கோ சுவர்க்கடிகாரம் இரண்டு அடித்தது.

வலி நின்றது.

முற்றிலும் நின்றது. விரல் சுடவில்லை, குளிரவில்லை. அவன் சிரித்தான், அழுதான். இரண்டும் ஒரே ஓசையாக வந்தன. கையை மார்போடு சேர்த்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, இறுக மூடிக்கொண்டான்.

மூடிய கைக்குள் காற்று வீசியது.

சீரான, குளிர்ந்த காற்று. கட்டைவிரலின் மேல். விசிறியின் சுழற்சிக்கு ஏற்ப.

இல்லை. அப்படி இருக்க முடியாது. நான்காம் திருகைக் கழற்றினான். உலோகக் கட்டி அசையவில்லை. திருப்புளியின் முனையை அதற்கு அடியில் செருகினான். நெம்பினான்.

அவனுடைய நகம் எழுந்தது.

அடியிலிருந்து. சதையை விட்டு. யாரும் தொடாமல். இரத்தம் மணிக்கட்டில் வழிந்தது. அவன் அலறி, திருப்புளியைக் கீழே போட்டான். நகம் மெல்லப் படிந்தது.

கிழவர் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, அவன் அருகே வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அதனினும் கொடியதாகிய கவனம் இருந்தது. பென்சிலை நீட்டி, கூரான முனையால் உலோகக் கட்டியை லேசாகக் குத்தினார்.

முஸன்னா துள்ளினான்.

"அப்படியா," என்றார். மீண்டும் குத்தினார். இம்முறை அழுத்தி. அவன் அலறி முடியும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டைத் தேடி எடுத்து, தேதியிட்டு, நேரமிட்டு, எழுதினார்.

"ஹாஜி... எனக்கு சின்னப் பொண்ணு இருக்கா, ஹாஜி."

"இழுத்துப் பாக்கட்டுமா?"

"வேணாம்! வேணாம்!"

"அப்ப ஸ்க்ரூவை முடுக்கு. எனக்கு இன்னும் பத்தொம்பது வருஷக் கணக்கு பாக்கி இருக்கு."

அவன் முடுக்கினான். தன் கையாலேயே. ஒவ்வொரு சுற்றுக்கும் எலும்பு நசுங்கியது. நான்கு திருகுகள். ஒன்றையும் விடவில்லை, கிழவர் குனிந்து சரிபார்த்தார்.

"கையெழுத்து."

பேனா அவன் கையில் நிற்கவில்லை.

"சரி, ரேகை வை."

மைப்பெட்டியில் தோய்ந்த கட்டைவிரல் தாளின் மேல் பதித்தது ஒரு வழவழப்பான நீள்வட்டம். ஒரு கோடும் இல்லை. கிழவர் அதை ஊதி உலர்த்தினார். "நல்லா பரவியிருக்கு," என்றார்.

அவன் படியேறினான். தெருவின் வெயில் கண்ணைப் பறித்தது. சுவரோரமாக அமர்ந்து, கையை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டான். கதவு மூடிய வீடுகள். உச்சிவெயிலில் உறங்கும் தெரு. மூலையில் ஜெனரேட்டரின் இரைச்சல். கட்டைவிரலின் மேல் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் கவனித்தான். காற்று ஒன்று அன்று. அதற்கு அடியில் இன்னொன்று. மெல்லியது. வேறு வேகம். எட்டு நாட்களாக அணையாதிருந்த அந்தச் சிறிய அடுப்பின் இடத்தில்.

அந்த இரண்டாவது காற்று நின்றது. அவன் அங்கேயே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தான்.

தொலைபேசி ஒலித்தது. கஹ்தான்.

"எங்க மச்சான் இருக்க? பல் டாக்டர் ஷத்தா மேடம் மெஷின் வந்திருக்கு. நீ போன வாரம் பசை போட்டியே, அதுதான். க்ளினிக்ல சொந்த ஜெனரேட்டர், ராப்பகலா ஓடியிருக்கு. உன் இருநூறு மணி நேரம் இன்னைக்கு முடிஞ்சுதாம், மதர்போர்டை மாத்தணும்னு இப்பதான் அணைச்சு எடுத்துட்டு வந்தாங்க." அவன் சிரித்தான். "என்னடா பசை வாங்கின? சிமெண்டு மாதிரி பிடிச்சிருக்கு. ஸ்க்ரூவெல்லாம் எடுத்துட்டேன், வர மாட்டேங்குது."

"கஹ்தான், தொடாதே."

"என்னது? இந்தக் கடை ஜெனரேட்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இரு, ஸ்பீக்கர்ல போட்டுட்டு ரெண்டு கையாலயும் முறுக்குறேன். பெரிய குறடு எங்க வச்ச?"

"கஹ்தான்! வேணாம்! கஹ்தான்—"

மூலையில் ஜெனரேட்டர் நின்றது. அடுத்த தெருவிலும் நின்றது. அதற்கடுத்த தெருவிலும். தொலைபேசியின் கோபுரம் ஒரு கணம் செத்து, இணைப்பு அறுந்தது. நேரமல்லாத நேரத்தில், நகரமெங்கும், ஒருசேர, அரசு மின்சாரம் வந்துவிட்டது. உறங்கிக் கிடந்த வீடுகளின் சன்னல்கள் படபடவெனத் திறந்தன; குழந்தைகள் மாடிகளில் குதித்தார்கள்.

"கரண்ட் வந்துருச்சு! கரண்ட் வந்துருச்சு!"

கைதட்டல். பெண்களின் குலவை. குளிர்சாதனங்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

விரலில் ஒரு தணல் தோன்றியது. இன்னொன்று. பத்து. இருபது. பாக்தாதின் ஒவ்வொரு மூலையிலிருந்தும். அவன் எண்ணவில்லை. எத்தனை என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் கையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினான்.

கட்டைவிரல், யாரும் தொடாமல், மெல்ல வலப்புறமாகத் திரும்பத் தொடங்கியது.